கோவாவில் கை இழந்தவர், ஆளில்லாத் தீவில் முப்பது ஆண்டுகள்

சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

ஆளில்லாத தீவில் தன்னந்தனியாகக் கூடாரம் அடித்துத் தங்குவதும், அதைப் படம் பிடித்துப் போடுவதும் இப்போது யூடியூபில் பெரிய பொழுதுபோக்கு. என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அப்படி ஒரு காணொளியைப் பகிர்ந்து, "சார், இதை முதலில் நிஜமாகச் செய்தது யார்? ராபின்சன் குரூசோவா?" என்று கேட்டிருந்தார். குழுவில் நாலு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

குரூசோ கற்பனை. டேனியல் டீஃபோ 1719இல் எழுதிய நாவலின் நாயகன். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி. 1704 முதல் 1709 வரை, சிலி நாட்டுக்கு மேற்கே ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் ஒன்றில் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியாக இருந்தார். பொது அறிவுப் புத்தகங்கள் இவரோடு நின்றுவிடும். ஆனால் செல்கிர்க்குக்குக் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர், கப்பலிலிருந்து தானாக இறங்கி, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் ஆளில்லாத ஒரு தீவில் வாழத் தொடங்கினார். பெயர் ஃபெர்னாவோ லோபெஸ். போர்ச்சுகீசியர். ஆனால் அவர் கதை தொடங்குவது லிஸ்பனில் இல்லை, நம் கோவாவில்.

அல்புகர்க்கை எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு உகந்த ஆள். 1510இல் பீஜப்பூர் சுல்தானிடமிருந்து கோவாவைக் கைப்பற்றினார், உடன்கட்டை ஏறுவதைத் தடுத்தார், போர்ச்சுகீசியர் இந்தியப் பெண்களை மணப்பதை ஊக்குவித்தார். இத்தனையும் உண்மைதான். கோவாவை அந்த ஆண்டு நவம்பரில் இரண்டாம் முறை பிடித்தபோது நகரத்து முஸ்லிம்களை ஆயிரக்கணக்கில் கொன்றதும் உண்மை. பாடத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

கோவாவைப் பிடித்த கையோடு அல்புகர்க் 1511இல் மலாக்காவை நோக்கிக் கப்பல் ஏறினார். பின்னால் விட்டுச் சென்ற காவல் படை சிறியது. பீஜப்பூர் விடுமா? கோவா ஒரு தீவு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆற்றைக் கடந்து வந்த பீஜப்பூர்ப் படை, பெனஸ்தாரிம் என்ற இடத்தில் கோட்டை பிடித்து உட்கார்ந்துகொண்டது. பின்னர் அதற்குத் தளபதியாக இருந்தவர் ரசூல் கான். உள்ளே மாட்டிக்கொண்ட போர்ச்சுகீசிய வீரர்களில் சிலர் ஒவ்வொருவராக எதிர்ப்பக்கம் போனார்கள். இஸ்லாத்தைத் தழுவினார்கள், அவர்கள் பக்கம் நின்று போரிட்டார்கள். அவர்களில் முக்கியமான ஆள்தான் லோபெஸ். சாதாரண குடும்பத்துப் பிள்ளை இல்லை, மேல்குடியில் பிறந்தவர்.

ஏன் போனார்கள்? துரோகம் என்று ஒரே சொல்லில் அந்தக் காலத்துப் போர்ச்சுகீசியர்கள் முடித்துவிட்டார்கள். என் கணக்கு வேறு. தாய்நாட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஆறு மாதக் கடல். சம்பளம் எப்போது வரும் என்று தெரியாது. கண்ணெதிரே நல்ல கூலி கொடுக்கும் சுல்தான், அந்நியத் துப்பாக்கிக்காரனுக்கும் பீரங்கிக்காரனுக்கும் மதிப்புக் கொடுக்கும் அரசு. தக்காணத்துப் படைகளில் துருக்கியர், பாரசீகர், அபிசீனியர் என்று எல்லா நாட்டாரும் இருந்தார்கள். அதில் நாலு போர்ச்சுகீசியர் சேர்வது அதிசயமா?

1512இன் இறுதியில் அல்புகர்க் பெரும் படையோடு திரும்பி வந்து பெனஸ்தாரிமை முற்றுகையிட்டார். ரசூல் கான் பேச்சுவார்த்தைக்கு வந்தார். கோட்டையை விட்டுவிட்டுப் போகலாம், ஆனால் எங்கள் ஆட்களை ஒப்படைக்க வேண்டும் என்றார் அல்புகர்க். தன்னை நம்பி வந்தவர்களைக் காட்டிக்கொடுக்க ரசூல் கானுக்கு மனமில்லை. கடைசியில் அவர்கள் உயிரை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்படைத்தார்.

அல்புகர்க் வாக்குத் தவறவில்லை. உயிரை எடுக்கவில்லை. மூக்கை அறுத்தார். காதுகளை அறுத்தார். வலது கையை வெட்டினார். இடது கையில் கட்டைவிரலை மட்டும் வெட்டினார்.

அந்தக் கட்டைவிரலில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் போய் நிற்கிறது. ஏகலைவன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கட்டைவிரல் போனால் என்ன போகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்டனையை யோசித்தவன் நன்றாகவே யோசித்திருக்கிறான். மீதமிருக்கும் கையாலும் வாளைப் பிடிக்க முடியாது, கயிறு முடிய முடியாது, பாத்திரத்தைத் தூக்க முடியாது. படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். நான் முயன்றேன். மூன்றாவது பொத்தானில் எழுந்து போய்விட்டேன்.

தண்டனை பெற்றவர்களில் பலர் காயத்திலேயே இறந்தார்கள். லோபெஸ் பிழைத்தார். 1515 டிசம்பரில் அல்புகர்க் கோவாவுக்குத் திரும்பும் வழியில், துறைமுகம் கண்ணில் படும் தூரத்தில், கப்பலிலேயே இறந்தார். அதன் பிறகு லோபெஸ் ஊருக்குப் போகும் கப்பல் ஒன்றில் ஏறினார். போர்ச்சுகலில் அவருக்கு மனைவியும் பிள்ளையும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

இங்கே கொஞ்சம் பூகோளம் சொல்லியாக வேண்டும். பாய்மரக் கப்பலுக்குச் சாலை என்பது காற்றுதான். போர்ச்சுகலிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி நேராகத் தெற்கே வருவதில்லை. பிரேசில் பக்கமாக ஒரு பெரிய வளைவு போட்டுத்தான் நன்னம்பிக்கை முனைக்கு வரும். திரும்பிப் போகும்போது தென்கிழக்கு வியாபாரக் காற்று பின்னாலிருந்து தள்ளும். நன்னம்பிக்கை முனையைத் தாண்டினால் வடமேற்கே ஒரே ஓட்டம். அந்த வழியில் நட்ட நடுக்கடலில் இருக்கிறது செயிண்ட் ஹெலினா. இந்தியாவிலிருந்து திரும்பிய ஜோவாவோ ட நோவா 1502இல் கண்டது.

பின்னால் நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, 1815 முதல் 1821 வரை, அதே தீவுதான். எரிமலைத் தீவு. பரப்பு 122 சதுர கிலோமீட்டர், இன்றைய சென்னை மாநகராட்சியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆப்பிரிக்கக் கரை ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில். சுற்றிலும் செங்குத்துப் பாறை, உள்ளே அடர்ந்த காடு, நல்ல ஊற்றுத் தண்ணீர். கடற்பறவைகள் உண்டு. ஆமைகள் கரையேறும். மனிதர் ஒருவரும் இல்லை, அதுவரை இருந்ததும் இல்லை. தண்ணீர் பிடிக்க ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் கப்பல்கள் நிற்கும், சில நாளில் போய்விடும். இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் அந்தப் பக்கமே வருவதில்லை.

லோபெஸின் கப்பலும் தண்ணீர் பிடிக்கத்தான் நின்றது. இவர் கரையில் இறங்கிக் காட்டுக்குள் போய் மறைந்துகொண்டார்.

யோசித்துப் பாருங்கள், இன்னும் இரண்டு மூன்று மாதம் போனால் லிஸ்பன். தெருவில் நடந்தால் முகத்தைப் பார்ப்பார்கள். மூக்கில்லாத முகத்துக்கு அந்த நாட்டில் ஒரே பொருள்தான். மனைவி பார்ப்பாள், பிள்ளை பார்க்கும். கோவாவில் வெட்டிய கத்தியைவிட அது பெரிதாகத் தோன்றியிருக்க வேண்டும். இது என் ஊகம். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கதை நமக்குக் கிடைப்பது காஸ்பர் கொரேயா என்பவர் வழியாக. 1512இல் இந்தியா வந்தவர், அல்புகர்க்கிடமே எழுத்தராக வேலை பார்த்தவர். அவர் எழுதிய பெரிய வரலாறு 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சாயிற்று. அதனால்தான் டீஃபோ காலத்து ஆங்கிலேயருக்கு செல்கிர்க் தெரிந்த அளவுக்கு லோபெஸ் தெரியவில்லை.

கொரேயா சொல்கிறபடி, கப்பல்காரர்கள் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. காட்டுமிராண்டித்தனமாக நடந்துகொள்ளவும் இல்லை. ஒரு பீப்பாய் பிஸ்கெட், உப்புக்கண்டம், கருவாடு, உப்பு, பழைய துணிமணி, எரியும் நெருப்பு, இவற்றைக் கரையில் வைத்துவிட்டு, இனி வரும் கப்பல்களுக்குக் கண்ணில் படு என்று ஒரு கடிதமும் எழுதி வைத்துப் போனார்கள். பிஸ்கெட் என்றால் நம் டீக்கடை பிஸ்கெட் இல்லை. கல் மாதிரிக் காய்ந்த கப்பல் ரொட்டி, மாதக்கணக்கில் கெடாது. அந்த நெருப்புத்தான் பெரிய சொத்து. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்ட இரண்டு கை வேண்டும். அணைந்தால் மறுபடி மூட்ட அவரால் ஆகாது, எனவே அணையாமல் காக்க வேண்டும்.

மண் மெத்தென்று இருந்த ஒரு சரிவில், மிஞ்சிய நான்கு விரல்களாலும் குச்சிகளாலும் தோண்டி ஒரு குகை செய்துகொண்டார். வைக்கோல் மாதிரிக் காய்ந்த புல்லைப் படுக்கையாகப் போட்டார். வாசலில் முள்ளை வைத்து அடைத்தார். தின்னத் தகுந்த கீரைகளைக் கண்டுபிடித்து உப்புப் போட்டு வேகவைத்தார். புதிய ஊரில் எந்தக் கீரையைத் தின்னலாம், எது விஷம் என்று யாரைக் கேட்பது? கடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செயிண்ட் ஹெலினாவின் செடிகளில் பெரும்பாலானவை உலகில் வேறு எங்கும் இல்லாதவை. அவற்றை முதன்முதலில் ருசி பார்த்த மனிதர்களில் இவரும் ஒருவர்.

அடுத்து வந்த கப்பல்காரர்கள் குகையையும் படுக்கையையும் பார்த்து வியந்தார்கள். எதையும் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொருள் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கப்பல் கிளம்பும்போது ஒரு சேவல் கடலில் விழுந்துவிட்டது. அலை அதைக் கரையில் ஒதுக்கியது. லோபெஸ் எடுத்து, கப்பல்காரர்கள் விட்டுப்போன அரிசியைப் போட்டுக் காப்பாற்றினார். அது அவரைவிட்டு விலகவே இல்லை. பகலெல்லாம் பின்னாலேயே வரும், கூப்பிட்டால் ஓடி வரும், இரவில் குகைக்குள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து தூங்கும் என்கிறார் கொரேயா. அவர் நூலில் கை கால் வெட்டுவதும் நகரங்கள் எரிவதும் பக்கம் பக்கமாக வரும். நடுவில் இந்தச் சேவலுக்கும் அவர் இடம் கொடுத்திருப்பதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை.

ஆண்டுகள் போயின. கப்பல் தெரிந்தால் லோபெஸ் காட்டுக்குள் ஓடிவிடுவார். போன பிறகு கரைக்கு வந்து விட்டுச் சென்றதை எடுத்துக்கொள்வார். பத்து ஆண்டு அளவுக்கு இப்படியே யார் முகத்திலும் விழிக்காமல் இருந்தார். கப்பல்காரர்களிடையே அவர் ஒரு கதையாகிவிட்டார். பாதிப் பயம், பாதிப் பக்தி. நம் ஊரில் மலைமேல் இருக்கும் சித்தருக்குப் பழமும் கற்பூரமும் வைத்துவிட்டு வருவோமே, அந்த மாதிரி. பழைய துணி, விதை, செடி, கோழி, வாத்து, ஆடு என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு கப்பலிலிருந்து அடிமைச் சிறுவன் ஒருவன் தப்பி அவரோடு வந்து சேர்ந்தான். அந்தச் சிறுவன் மூலமாகத்தான் ஒருமுறை அவர் ஒளிந்திருந்த இடம் தெரிந்துபோயிற்று. பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அவர் அலறியிருக்கிறார். இந்தியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர், உன் விருப்பம் இல்லாமல் யாரும் உன்னை இங்கிருந்து கொண்டுபோக மாட்டார்கள் என்று எழுதியே கொடுத்தார். அதற்குப் பிறகுதான் லோபெஸ் கப்பல்காரர்களிடம் வந்து பேச ஆரம்பித்தார். சிறுவனின் கதை அதோடு நின்றுவிடுகிறது. அவனும் அதே தீவில் அதே விடுதலையைத் தேடி இறங்கியவன்தான், ஆனால் அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வரலாற்றுப் புத்தகங்களில் இப்படிப் பாதியில் காணாமல் போகும் பிள்ளைகள் நிறைய.

இனி அவர் தோட்டத்துக்கு வருவோம். எலுமிச்சை, ஆரஞ்சு, மாதுளை, பனை வகைகள், காய்கறிகள். கோழியும் வாத்தும் மயிலும்கூட வளர்ந்தன. ஆடும் பன்றியும் பெருகின. ஒரு கையும் நான்கு விரலும் வைத்துக்கொண்டு குழி தோண்டி, தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தது.

எலுமிச்சை அங்கே வெறும் ஊறுகாய்ச் சமாசாரம் இல்லை. கடற்பயணத்தில் புயலைவிட அதிகம் பேரைக் கொன்றது ஸ்கர்வி என்ற நோய். மாதக்கணக்கில் காய்கறி, பழம் இல்லாமல் உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்றால் ஈறு வீங்கும், பல் ஆடும், பழைய காயங்கள் திறந்துகொள்ளும், கடைசியில் சாவு. வைட்டமின் சி குறைபாடு. வாஸ்கோடகாமாவின் முதல் பயணத்தில் புறப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட ஊர் திரும்பவில்லை, பெரும்பாலும் இதனால்தான். ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் எலுமிச்சை, ஆரஞ்சை வைத்துச் சோதனை செய்து காட்டியது 1747இல். ஆனால் புளிப்புப் பழம் தின்றால் உடம்பு தேறுகிறது என்பது மாலுமிகளுக்கு அனுபவத்தில் முன்பே தெரியும். இந்தியாவிலிருந்து போகும் கப்பல்களில் நோயாளிகளை செயிண்ட் ஹெலினாவில் இறக்கிவிட்டு, அடுத்த ஆண்டுக் கப்பலில் ஏற்றிக்கொள்ளும் வழக்கமே வந்துவிட்டது. பழமும் தண்ணீரும் அவர்களைத் தேற்றின.

யாருடைய கப்பல்கள் அவை? அல்புகர்க் உருவாக்கிய அந்த அரசின் கப்பல்கள். அவர் கையை வெட்டியவர்களின் ஆட்கள். மன்னித்துவிட்டார் என்று சொல்லி இதை ஒரு நீதிக்கதையாக்க எனக்கு மனமில்லை. தனக்காக நட்டார், மரம் தேவைக்கு மேல் காய்த்தது, வந்தவர்கள் தின்றார்கள் என்றும் இருக்கலாம்.

செய்தி லிஸ்பன் அரண்மனை வரை போயிற்று. மூன்றாம் ஜோவாவோ மன்னர் அவரை வரச் சொன்னார். 1530ஐ ஒட்டி அவர் போனார். மன்னரையும் அரசியையும் பார்த்தார். அங்கிருந்து ரோமுக்குப் போய், அப்போது போப்பாண்டவராக இருந்த ஏழாம் கிளெமென்ட்டிடம் மதம் மாறிய பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டார். கிடைத்தது. வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, என்னைத் திரும்பத் தீவிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள் என்றாராம்.

எனக்கு இந்தக் கதையில் பெரிய இடம் இதுதான். முதல்முறை இறங்கியதை அவமானத்தில் ஓடி ஒளிந்தது என்று சொல்லிவிடலாம். இரண்டாம் முறை? மன்னர் பார்த்தாயிற்று, போப் மன்னித்தாயிற்று, ஊர் முழுக்கப் பேசியாயிற்று. ஓடுவதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அப்போதும் திரும்பிப் போனார். செல்கிர்க் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். கப்பல் ஓட்டை என்று கேப்டனோடு சண்டை போட்டு இறங்கியவர், படகு விலகியதும் கூட்டிப்போகும்படி கத்தினார். அவரிடம் துப்பாக்கி, கத்தி, கோடரி, பைபிள் எல்லாம் இருந்தன, இரண்டு கையும் இருந்தது. மீட்க வந்த கப்பலில் மகிழ்ச்சியோடு ஏறினார். லோபெஸ் ஒருவர்தான் வீட்டுக்குப் போவது போலத் தீவுக்குப் போனவர். அங்கேயே சுமார் 1545இல் இறந்தார். இடையில் ஐரோப்பா போய்வந்தது போக, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

1588இல் தாமஸ் கேவண்டிஷ் என்ற ஆங்கிலேயர் உலகைச் சுற்றிவரும் வழியில் அங்கே இறங்கினார். கப்பல்கள் நிற்கும் பள்ளத்தாக்கில் எலுமிச்சையும் ஆரஞ்சும் மாதுளையும் அத்தியும் வரிசையாக நின்றன. அதே பயணக் குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. மலைமேல் ஆட்டு மந்தைகள், சில ஒரு மைல் நீளத்துக்கு.

அந்த ஆடுகள்தான் பின்னால் வினையாயின. ஆடு இல்லாமலே லட்சக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த காடு அது. முள் கிடையாது, கசப்புக் கிடையாது, தற்காத்துக்கொள்ளப் பழகாத மரங்கள். பெரிய மரங்களை ஆடு ஒன்றும் செய்யவில்லை. முளைக்கும் கன்றுகளை எல்லாம் தின்றது. கிழட்டு மரங்கள் விழ விழ, அந்த இடத்தில் புதிது வரவில்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு யாருக்கும் எதுவும் தெரியாது, பிறகு திடீரென்று காடே இருக்காது. போர்ச்சுகீசியக் கப்பல்கள் ஆண்டுதோறும் விட்டுச் சென்ற ஆடுகளுக்கு லோபெஸ் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தோட்டமும் பாலைவனமும் ஒரே கப்பல்களில் வந்து இறங்கின என்பதை மறைக்கவும் கூடாது.

1659இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது. நம் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து லண்டன் போன கம்பெனிக் கப்பல்களும் அங்கே நின்று தண்ணீர் பிடித்துத்தான் போயின. 1808 முதல் 1813 வரை அங்கே ஆளுநராக இருந்த அலெக்சாண்டர் பீட்சன் பழைய மதராஸ் படை அதிகாரி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்ட படையில் நில அளவை பார்த்தவர், திப்புவுடனான அந்தப் போரைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஆடுகள் தீவின் மரங்களை அழித்த கதையைப் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துத் தொகுத்தவரும் அவர்தான். 1836இல் அங்கே இறங்கிய சார்லஸ் டார்வினும் இதைத் தன் பயண நூலில் எழுதினார். 1731இல் திரியும் ஆடுகளைக் கொல்ல உத்தரவு போட்டபோது காரியம் கைமீறிப் போயிருந்தது என்பது அவர் கணக்கு.

தீவுக்கே உரிய கருங்காலி மரம் முற்றிலும் அழிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1980இல் ஒரு செங்குத்துப் பாறையில், ஆட்டின் வாய்க்கு எட்டாத இடத்தில், இரண்டே இரண்டு செடிகள் கிடைத்தன. கயிறு கட்டி இறங்கிக் கிளை வெட்டிக்கொண்டு வந்து பதியம் போட்டார்கள். இப்போது அதிலிருந்து ஆயிரக்கணக்கான செடிகள் வளர்ந்து, தீவு முழுக்க நடப்பட்டிருக்கின்றன.